குழாய்வழி ஊட்டலும் சைவ அறமும்

தம்பலகாமத்து வயல்களிற் கதிர்முற்றிய நெல்லைக் காண்போர், அதற்குற்ற நீர் வானினின்று நேரே வந்ததோ, கந்தளாய்க் குளத்தினின்று வாய்க்கால்வழி வந்ததோ என்று வினவி அந்நெல்லை இகழ்வாரல்லர். பயிர்க்குக் காட்டும் இந்நீதியைப் பிள்ளைகட்கும் காட்டுகின்றோமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பிறவியிலேயே இருதயநோயுற்ற குழந்தைகள் சிலர் பாலுண்ணும் முயற்சியிலேயே களைத்துவிடுகின்றனர். மூளைவாதமுற்ற சிலர்க்கு விழுங்குந் தொழில் செவ்வனே நிகழாது. உணவு சுவாசப்பையிற் புகுந்து நோய் விளைக்கும். இத்தகையோர்க்கு அன்னை நாள்முழுதும் இருந்து தீற்றினும் வளர்ச்சிக்குப் போதிய உணவு உட்செல்வதில்லை. ஆதலின் வைத்தியர், சிலகாலத்திற்காயின் மூக்கின்வழி இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாயையும், நெடுங்காலத்திற்காயின் வயிற்றின்வழி நேரே இரைப்பையிற் பொருத்துங் குழாயையும் இடுகின்றனர். பின்னதனை, வயிற்றை அகலக் கீறாது, உள்நோக்குங் கருவியின் துணைகொண்டு அமைக்கும் முறையை 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரிற் கௌடரர், பொன்ஸ்கி என்னும் வைத்தியர் இருவர் ஒரு குழந்தைக்கே முதலிற் செய்தனர்.

‘இஃது அப்பிள்ளையின் பிராரத்தவினை, அதனை மாற்ற நாம் யார்?’ என்பர் சிலர். நோய் வந்தது வினைப்பயனாயின், அந்நோய்க்குத் துணை வாய்த்ததும் வினைப்பயனே யன்றோ? பிறர் வினைக்கணக்கை அறியும் அறிவு நமக்கில்லை. பசித்தவர்க்கு ஊட்டுங் கடன் நமக்குண்டு. அறியாததைக் காரணங்காட்டி அறிந்த கடனை விடுதல் சைவமன்று.

தாய் தன் கையால் வாயில் ஊட்டாத உணவு அன்பில்லாத உணவு என்பர் வேறுசிலர். அன்னையர் நெஞ்சைச் சுடுவது இச்சொல். சீகாழித் திருக்குளக்கரையில் மூன்றாண்டுப் பிள்ளையார் அழுதபோது, உமையம்மையார் திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்திற் கறந்தன்றோ ஊட்டியருளினார்! கிண்ணத்தின்வழி வந்தமையால் அப்பாலில் அருள் குறைந்ததில்லை. நம் கோணமலைக்குத் திருப்பதிகம் அருளியவரும் அப்பிள்ளையாரே.

ஆயினும், குழாய் நோயைத் தீர்ப்பதன்று. தூய்மை தவறிற் புண்ணாகும். மிக விரைந்து செலுத்தின் வாந்தியாகும். மடையை அளவறிந்து திறத்தல் இங்கும் வேண்டற்பாலது. வாயால் உண்ணும் வல்லமை வந்தபின் குழாயைக் கழற்றிவிடலும் உண்டு. இடுவதா, விடுவதா என்பதைப் பெற்றோரும் வைத்தியரும் கூடிப் பிள்ளையின் நன்மை ஒன்றனையே நோக்கித் தெளிக. ஊரார் நாவுக்கு அங்கே இடமில்லை.

ஆசிரியர்காள்! அத்தகைய பிள்ளையொன்று நும் வகுப்புக்கு வருமாயின், அதனைப் புறத்தே இருத்தற்க. குருபூசை நாளில் விழுங்கமாட்டாத பிள்ளையின் வாயில் அன்பினால் ஒரு கவளம் இடுதலும் ஆபத்தாய் முடியலாம்; பெற்றோரைக் கேட்டே இடுக. திருநீறு அணிவித்தற்கோ யாதொரு தடையுமில்லை. பந்தியில் ஓரிடம் விடுதற்கும் இல்லை. இவன் ஏன் வாயால் உண்பதில்லை என ஏனைப் பிள்ளைகள் வினவின், இவன் வயலுக்கு வாய்க்கால் வேறு என்று விடை கூறுக. தம்பலகாமத்துப் பிள்ளைகட்கு அது நன்கு விளங்கும்.