மார்த்தாள் எப்போது உட்காருவாள்?

எருசலேமிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்த சிற்றூர் பெத்தானியா. அங்கே மார்த்தாள் என்ற பெண் இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்கிறாள். அவளுடைய சகோதரி மரியாள் விருந்தாளியின் காலடியில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாளுக்கோ அடுப்படி வேலை தலைக்கு மேல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, எல்லா வேலையையும் தான் ஒருத்தியே இழுத்துப்போட்டுச் செய்வதாகவும், மரியாளைக் கொஞ்சம் உதவச் சொல்லும்படியும் விருந்தாளியிடமே முறையிடுகிறாள். தீர்ப்பு அவளுக்கு எதிராக வருகிறது. மார்த்தாள் பலவற்றை எண்ணிக் கவலைப்படுகிறாளாம். மரியாள் தேர்ந்துகொண்டதே மேலானதாம். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஐந்தே வசனங்களில் கதை முடிந்துவிடுகிறது. அன்று சாப்பாடு நேரத்துக்கு வந்ததா, யார் பரிமாறினார்கள் என்றெல்லாம் லூக்கா சொல்லவில்லை.

பண்டிகை நாளில் இருபது பேரைச் சாப்பிடக் கூப்பிட்டு, விடியற்காலையிலிருந்து அடுப்பை விட்டு நகராத எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதை கொஞ்சம் குத்தும். ‘எல்லோரும் காலடியில் உட்கார்ந்துவிட்டால் சோறு பொங்குவது யார்?’ என்ற கேள்வி இறையியல் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் இறையியல் படித்தவர்கள் நெடுங்காலம் அதை வேறு மாதிரிதான் கேட்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் மார்த்தாளைச் செயலுக்கும் மரியாளைத் தியானத்துக்கும் அடையாளமாக்கினார். மார்த்தாளின் உழைப்பு நல்லதுதான், ஆனால் இவ்வுலகத்தோடு முடிந்துவிடும். மரியாள் பெற்றதோ நிலைத்திருக்கும் என்று அகஸ்டின் பிரசங்கம் செய்தார். இப்படியே இரண்டு சகோதரிகளும் இரண்டு படிகளானார்கள். பூசையறை மேல்படி, சமையலறை கீழ்ப்படி.

இந்த வரிசையைக் கலைத்தவர்களும் உண்டு. ஜெர்மானியத் துறவி மைஸ்டர் எக்கார்ட் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரசங்கத்தில் வழக்கமான விளக்கத்தைத் தலைகீழாக்கினார். அவர் பார்வையில் முதிர்ந்தவள் மார்த்தாள். வேலைக்கு நடுவிலும் அவள் மனம் நிலைகுலையவில்லை. மரியாள் இன்னும் பாடம் கேட்கும் மாணவிதான். ஸ்பெயினின் அவிலா தெரேசா 1577இல் எழுதிய ‘உள்மனக் கோட்டை’யின் கடைசிப் பகுதியில் இன்னும் நேராகவே கேட்கிறார்: சகோதரி உதவாவிட்டால், காலடியிலேயே உட்கார்ந்திருக்கும் மரியாளால் ஆண்டவருக்கு எப்படி உணவளிக்க முடியும்? விருந்தோம்ப இருவரும் சேர்ந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு. தெரேசா மடங்களை நிறுவி நடத்தியவர். எத்தனை பேருக்கு எவ்வளவு உணவு என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது எனலாம். ஜூலை 29 உலகளாவிய திருநாள்காட்டியில் மார்த்தாளின் நாளாக மட்டும் இருந்தது. 2021இல் வத்திக்கான் அதை மார்த்தாள், மரியாள், அவர்களுடைய சகோதரன் லாசரு மூவருக்கும் பொதுவாக்கியது.

இருந்தாலும் எக்கார்ட்டும் தெரேசாவும்கூட இரண்டு வகை வாழ்க்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சமையல் தெரிந்தவர் படித்தால் அங்கே தெரிவது நேரச் சிக்கல். மார்த்தாள் சமைத்தது குற்றம் என்று இயேசு சொல்லவில்லை. இந்தக் கதைக்குச் சற்று முன்னால், அதே அதிகாரத்தில், நல்ல சமாரியன் அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்து இரண்டு தினாரியை முன்பணமாகக் கொடுக்கிறான். கூடுதல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறான். நாளைய செலவை இன்றே யோசிப்பவனைப் புகழ்ந்த வாய், நாளைய சமையலை யோசிப்பவளை இகழ்ந்திருக்காது. யோவான் நற்செய்தியில், பஸ்காவுக்கு ஆறு நாள் முன்பு பெத்தானியாவில் நடந்த விருந்திலும் மார்த்தாள் பரிமாறுகிறாள். அன்று அவளை யாரும் குறை சொல்லவில்லை. லூக்காவின் காட்சியில் கோளாறு வேறிடத்தில் இருந்தது. விருந்தாளி வாசலுக்கு வந்த பிறகும் வேலை முடியவில்லை. செய்த கையும் ஒரே ஒருத்தியின் கை.

இந்தக் கோளாறைச் சட்டம் போட்டே தீர்க்கப் பார்த்தது யூத மரபு. ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது. ஆகவே ஓய்வுநாள் உணவு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் தயாராகிவிட வேண்டும். வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோதும் ஆறாம் நாளில் இரட்டைப் பங்கு சேகரிக்கவும், வேண்டியதை அன்றே சுட்டும் வேகவைத்தும் வைக்கவும் கட்டளை இருந்ததாக யாத்திராகமம் சொல்கிறது. ‘சோலன்ட்’ இந்தச் சட்டத்தில் பிறந்த சமையல்: இறைச்சி, பயறு, தானியம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டு வெள்ளிக்கிழமையே இளஞ்சூட்டில் வைத்துவிட்டால், மறுநாள் மதியம் சூடாக எடுத்துச் சாப்பிடலாம். ஓய்வு மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, வீட்டில் தங்கிய அந்நியன், மாடு வரைக்கும் உண்டு. முன்கூட்டியே திட்டமிடுவது அங்கே வீட்டுச் சாமர்த்தியம் மட்டுமல்ல, வழிபாட்டின் முதல் பாதி.

அந்த முதல் பாதியை யார் செய்வது? யூதச் சட்டத் தொகுப்பான பாபிலோனியத் தால்மூத் இதற்குப் பெயர் சொல்லியே பதில் தருகிறது. ரவா மீனுக்கு உப்புத் தடவினார். ராவ் ஹிஸ்தா பீட்கீரை நறுக்கினார். ரப்பாவும் ராவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். ராவ் சஃப்ரா ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ, ஒரு தலையைத் தீயில் வாட்டினார். ஊரே எழுந்து நின்று வணங்கிய பேரறிஞர்கள் இவர்கள். ஏவிய வேலையைச் செய்ய ஆளுக்குக் குறைவிருந்திராது. ஆனாலும் ஓய்வுநாளுக்கான ஆயத்தத்தில் தங்கள் கை படவேண்டும் என்று நினைத்தார்கள். பெத்தானியாவில் அன்று யாராவது எழுந்து கீரை நறுக்கியிருந்தால் லூக்காவுக்கு எழுதக் கதையே கிடைத்திருக்காது.

தமிழ் வாசகர் இங்கே இளையான்குடி மாற நாயனாரைக் கொண்டுவந்து நிறுத்துவார். செல்வம் எல்லாம் போன பிறகு, மழை கொட்டும் இரவில் அடியார் வேடத்தில் சிவன் வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லை இருட்டில் வாரிக்கொண்டு வருகிறார் மாறனார். விறகுக்கு வீட்டுக் கூரையின் மரத்தை வெட்டுகிறார். திட்டமே இல்லாத விருந்தோம்பலின் உச்சம் இது என்று தோன்றலாம். சேக்கிழாரைக் கவனித்துப் படித்தால் விதைநெல் யோசனை அவருடைய மனைவியுடையது என்பது தெரியும். நெல்லை வார அவர் போனார், சமைக்க அவள் இருந்தாள். கூடையை யார் தூக்குவது, அடுப்பை யார் பார்ப்பது என்பது அந்த இருட்டிலும் தீர்மானமாகிவிட்டது. பெரியபுராணம் அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

வேலைப் பங்கீடு ஒரு பாதி என்றால், யாருக்கு இலை போடுவது என்பது மறு பாதி. லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு விருந்து வைப்பவருக்கு நேரடியாகவே யோசனை சொல்கிறார். நண்பரையும் உறவினரையும் பணக்கார அண்டைவீட்டாரையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள்; ஏழையையும் ஊனமுற்றவரையும் கூப்பிடு. அதே அதிகாரத்தில்தான், கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்ற கேள்வியும் வருகிறது. கணக்குப் போடச் சொல்கிறார், ஆனால் மொய்க் கணக்கு வேண்டாம் என்கிறார்.

இஸ்லாம் இதை யோசனையாக விடாமல் கடமையாக்கியது. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்கு ஃபித்ரா கொடுத்தாக வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும், கைக்குழந்தைக்கும் சேர்த்து, ஊரின் பிரதான தானியத்தில் ஓர் அளவு. பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று கிலோ என்று கணக்கிடுவார்கள். தொழுகை முடிந்தபின் கொடுத்தால் அது சாதாரண தர்மமாகிவிடும் என்பது நபிமொழி. பெருநாள் அன்று ஏழை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் அரிசி முதல் நாளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா! தன் வீட்டுப் பிரியாணிக்குத் திட்டம் போடுமுன் அடுத்த வீட்டு உலைக்குத் திட்டம் போடும் ஏற்பாடு இது.

நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் நடுவிலேயே எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் டின்களில் நிறையும். அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குத் தட்டு போகும். முன்கூட்டியே செய்வதில் இந்த வீடுகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் 25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்து திரும்பியதும் பல வீடுகளில் நடப்பது பெத்தானியாக் காட்சிதான். கூடத்தில் பேச்சும் சிரிப்பும். அடுப்படியில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும். மூன்று பந்தி முடிந்து, ஆறிப்போன சோற்றோடு கடைசியாக உட்காருபவர்கள் சமைத்தவர்கள். ‘அம்மா கையால் சாப்பிட்டால்தான் கிறிஸ்துமஸ்’ என்று சொல்வதில் பாசம் இருக்கிறது. கூடவே, அம்மா கடைசிப் பந்தியில்தான் என்ற தீர்மானமும் ஒளிந்திருக்கிறது. வெளியே ஆர்டர் கொடுத்தால் பக்தி குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் சோலன்ட் பானையை நினைத்துப் பார்க்கலாம். ஓய்வுநாளில் சமைக்காமல் இருப்பதையே அங்கே பக்தி என்கிறார்கள்.

இந்த டிசம்பரில் மளிகைப் பட்டியல் எழுதுபவர்கள் பக்கத்திலேயே இன்னொரு பத்தி போட்டு ஆள் பெயர்களையும் எழுதட்டும்: வெங்காயம் உரிப்பவர், இலை போடுபவர், பாத்திரம் கழுவுபவர். அப்பா, மாமா, கல்லூரியிலிருந்து வந்த பையன் எல்லோர் பெயரும் அதில் வரட்டும். திருப்பிக் கூப்பிட முடியாத ஒரு வீட்டுக்கான அரிசியும் கறியும் 24ஆம் தேதியே போய்ச் சேரட்டும். சமைத்தவர் முதல் பந்தியில் உட்காரட்டும்.