கடலுக்குள் ஒரு நோன்பு

காட்டுக்கு வேலி போடலாம், கடலுக்குப் போட முடியுமா? நான் வாழும் துர்க்கு நகரத்திலிருந்து பின்லாந்தின் தீவுக்கடல் தேசியப் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி இது. 1983இல் அமைந்த அந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர். பறவைகள் அடைகாக்கும் காலத்தில் அங்கே சில தீவுகளில் கால் வைக்கக் கூடாது. மனிதர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நோன்பு என்றே அதை நினைக்கிறேன்.

பெருங்கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு உண்டு. இந்தத் தீவுக்கடலில் ஆறேழு கிராம்தான். கடலுயிருக்கு இது போதாது, ஏரி மீனுக்கோ அதிகம். இரண்டுமே தாங்கக்கூடிய எல்லையில் வாழ்கின்றன. நீல மட்டிகூட இங்கே சிறுத்தே வளர்கிறது.

இப்படி விளிம்பில் வாழும் உயிர்களுக்காகக் காக்கும் நோன்பைக் கலைப்பது தொலைவில் இருக்கும் வயல்தான். உரத்தின் பாஸ்பரஸ் மழைநீரோடு ஆற்றில் இறங்கிக் கடலுக்கு வருகிறது. அதில் இழைப்பாசிகள் கொழுத்துப் பாறைகளைப் பற்றி வளரும் பழுப்புக் கடற்பாசியை மூடிவிடுகின்றன. அந்தப் பாசிக்காட்டை நம்பிய குஞ்சு மீன்களுக்குப் புகலிடம் போய்விடுகிறது. உழவருக்குக் கடல்மேல் பகை இல்லை. அவர் விளைவித்த ரொட்டியைத் தின்னும் எனக்கும் இல்லை. கொல்லும் எண்ணமே இல்லாத இடத்தில் கொலைப்பழி யாருக்கு?

ஏகாதசியன்று பட்டினி கிடந்து, மறுநாள் பிறர் மனம் நோகப் பேசுபவர்களைப் பார்த்தால் என் அம்மா, "விரதம் வயித்துக்கு மட்டுந்தானா?" என்பார். பூங்காவின் எல்லைக்கோட்டுக்குள் மட்டும் காக்கும் அகிம்சையும் அப்படிப்பட்டதுதான்.

ஆனால் கோட்டுக்கு வெளியேயும் நோன்பு காப்பவர்கள் உண்டு. இந்தக் கரையோர உழவர்கள் பலர் அறுவடைக்குப் பின் வயலில் ஹெக்டேருக்குச் சுமார் 4 டன் ஜிப்சம் தூவியிருக்கிறார்கள். அது மண்துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கிறது. சில ஆண்டுகளில் பலன் தீர்ந்துவிடும், மறுபடி தூவ வேண்டும். ஜிப்சத்தால் அவர்களுக்கு விளைச்சல் கூடுவதில்லை. நன்மை பெறும் மட்டி அவர்களை அறியப்போவதும் இல்லை.

அறியாமல் செய்ததைப் பழி என்று நான் சொல்லமாட்டேன். அறிந்த கணத்தில் அது கடமையாகிவிடுகிறது. எல்லைக்கோட்டுக்குள் இருக்கும் தீவில் கால் வைக்காமல் இருப்பது எளிது. கோட்டுக்கு வெளியே, யாரும் பாராத வயலிலும் என் சாப்பாட்டுத் தட்டிலும் காக்கப்படும்போதுதான் அந்த நோன்பு நிறைவேறுகிறது.