சோறு போடுமா இந்தக் கணக்கு?

திருப்பூரிலே கல்வியை அளக்கக் கோல் ஒன்று உண்டு: சம்பளம்! அந்தக் கோலை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஒன்றரை ஷிப்ட் உழைத்து, சனிக்கிழமைக் கூலியை வாங்கி, வாடகைக்கும் மளிகைக்கும் பங்கிட்ட பின் மிச்சத்தை எண்ணும் குடும்பத்துக்கு வேறு கோல் ஏது?

நம்மிடம் பள்ளியில் பயின்ற பெண்ணொருத்தி இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கும் தாயின் மகள். கணித இயற்பியலில், துல்லியமாகத் தீர்க்கத்தக்க மாதிரிகளை ஆராய விரும்புகிறாள். தாய் நம்மைக் கேட்டார்: "ஏனுங்க சார், அந்தக் கணக்கு சோறு போடுமுங்களா?"

நாமோ கலைப் பட்டம் பெற்றவர். விடை தெரியவில்லை. மாணவியையே ஆசிரியையாகக் கொண்டு கேட்டறிந்தோம்.

இரும்பைச் சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் காந்தத்தன்மை போய்விடுகிறது. ஏன்? உள்ளே இருக்கும் எண்ணிறந்த அணுக்களைக் கணக்கில் அடக்க இயலாது. ஆகவே, ஒவ்வோர் அணுவும் மேலே நோக்கும் அல்லது கீழே நோக்கும், அண்டை அணுவோடு மட்டுமே உறவு கொள்ளும் என்று எடுகோள் வைத்து, அந்தச் சிறிய உலகுக்குத் தோராயமின்றி விடை காண்கிறார்கள்.

ஜெர்மனியில் 1920-இல் வில்ஹெல்ம் லென்ஸ் இந்த மாதிரியை முன்வைத்தார். அவர் மாணவர் எர்ன்ஸ்ட் ஈசிங், 1924-இல் அணுக்களை ஒரே வரிசையில் நிறுத்தித் தீர்த்தார். வரிசையில் ஓரிடம் முறிந்தால் போதும், அப்பால் உள்ளவை திசைமாறிவிடும். சிறிது வெப்பம் இருந்தாலும் ஒழுங்கு நிலைக்காது. கணக்கு சரி! ஆனால் முப்பரிமாணத்திலும் இதே கதிதான் என்றார். அங்கே தவறினார். இரு பரிமாணத்தில் ஒழுங்கு நிலைக்கும் என்று 1936-இல் பையர்ல்ஸ் வாதித்தார். 1944-இல் லார்ஸ் ஆன்சாகர் அதைத் துல்லியமாகவே தீர்த்துக் காட்டினார். முப்பரிமாணத்துக்கோ கணிப்பொறி நுட்பமான விடை தருகிறது. துல்லியத் தீர்வு இன்றும் இல்லை.

தோழர்களே, ஓரிடத்தில் கண்டதை எங்கும் நீட்டும் பிழை ஈசிங்குக்கு மட்டுமா சொந்தம்? "நம் தெருவில் எவரும் படித்ததில்லை, ஆகவே நமக்குப் படிப்பு வராது" என்பதும் அதே பிழைதானே! வரிசையில் சிதறியவை அண்டை பெருகியதும் ஒன்றுபட்டன, ஆகவே மக்களும் ஒன்றுபடுவர் என்று மேடையில் முழங்க நமக்கும் ஆசைதான். முழங்கமாட்டோம். உவமை வேறு, நிரூபணம் வேறு. அணுவுக்குப் பசியில்லை, சாதியில்லை. பிறர் நம்பிக்கையைக் கேள்வி கேட்பவர், தம் முடிவு எந்த எடுகோளின் மேல் நிற்கிறது என்றும் கேட்க வேண்டாமா? இந்தக் கணக்கு தரும் ஒழுக்கம் அது.

ஈசிங் பிற்பாடு பள்ளி ஆசிரியரானார். யூதர் என்பதற்காக 1933-இல் வேலையிலிருந்து விரட்டப்பட்டார். 1939-இல் லக்சம்பர்க் சென்றார். ஜெர்மானியர் அங்கும் வந்தனர். ஆடு மேய்த்தார், இருப்புப்பாதையில் கூலி வேலை பார்த்தார். பிறப்பைக் கொண்டு அறிவை அளந்த கொடுமை! அந்த அளவுகோல் நமக்குப் புதிதா? பயன் கருதாத கல்வி வசதி படைத்தோர்க்கு, கூலி தரும் கல்வி மட்டுமே உழைப்போர்க்கு என்று பிரித்தால், அது புதிய வருணமல்லாமல் வேறென்ன?

நம் நாட்டிலும் வழி உண்டு. மஜும்தாரும் கோஷும் 1969-இல் துல்லியத் தீர்வுள்ள காந்த மாதிரி ஒன்றைக் கண்டனர். மணற்குவியல் மாதிரியை 1990-இல் தீர்த்த தீபக் தார், 2022-இல் போல்ட்ஸ்மன் பதக்கம் பெற்ற முதல் இந்தியரானார். சென்னையில் 1962 முதல் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. தேர்வில் வென்று சேர்வோர்க்கு உதவித்தொகை உண்டு.

தாயிடம் இவ்வளவும் சொன்னோம். படிப்பு முடிந்ததும் வேலை உறுதி என்று மட்டும் சொல்லவில்லை. அது நிரூபிக்கப்படாத வாக்கு.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல வேண்டியவள் மகளல்ல. நம் உடையைத் தைப்பவரின் மகள் சில ஆண்டுகள் சிந்திக்க, நாம் சோறு போடுவோமா? சமுதாயமே, விடை சொல்!