பூனைக்குட்டியும் இல்லறத்தார் அணுவிரதமும்

மழைக்காலத்தில் தாயைப் பிரிந்த பூனைக்குட்டி ஒன்று வீட்டுத் திண்ணையில் வந்து ஒதுங்குவது எவ்வூரிலும் காணக்கூடியதே. குழந்தைகள் அதனை உள்ளே எடுத்து வருவர், பெரியோர் தயங்குவர். அத்தயக்கம் காரணமற்றதன்று. ஊனுண்ணும் உயிரை இல்லத்தில் வைத்துப் பேணுதல் கொல்லாமை விரதம் பூண்ட சிராவகர்க்குத் தகுமா என்னும் வினா அதனுள் அடங்கியுள்ளது.

இவ்வினா நம் நூல்களுக்குப் புதியதன்று. சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுப்பிரேட்சை நூல், பூனை முதலியவற்றை வளர்த்தலை ஆயுதம் விற்றலோடு ஒருங்கு வைத்து அனர்த்த தண்டத்துள் சேர்க்கின்றது. அதாவது, பயனின்றித் தீவினையைத் தேடிக்கொள்ளும் செயலாகும். இதனைக் கேட்டவுடன், குட்டியை வெளியே விட்டுக் கதவைத் தாழிடுவதே அறம் என முடிவு செய்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நெற்குதிருக்குக் காவலாக எலி பிடிக்கவென்று பூனை வளர்ப்பவர், எலியைத் தாம் கொல்லவில்லை என்று கூறித் தப்ப இயலாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே. நூல் கடிவது அத்தகைய வளர்ப்பையே என்பது நம் கருத்து. நனைந்து நடுங்கும் குட்டிக்கு அடைக்கலம் தருவது வேறு. சிந்தாமணியில் சீவகன், அடிபட்டு வீழ்ந்த நாயை அதன் உணவை எண்ணி வெறுத்து விலகிச் செல்லவில்லை. பஞ்ச நமஸ்கார மந்திரத்தை அதன் செவியில் ஓதினான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்குத் துணை நின்றது.

ஆனால், அடைக்கலம் தந்த அளவில் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை, தொடங்குகின்றது. தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகின்றது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் முதலும் ஈறும் இங்கு ஆராயத்தக்கவை.

கட்டுதல் என்பது கயிற்றால் கட்டுவது மட்டுமன்று. விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுப்பதே அது எனப் பூஜ்யபாதர் உரைக்கின்றார். அவ்வாறாயின் குட்டியை ஓர் அறையில் அடைத்து வைப்பது குற்றமாகாதா? புதிதாக வந்த குட்டிக்குப் பெரிய வீடு அச்சந்தருவது; பீரோவின் பின்னோ பரணிலோ ஒளிந்துகொண்டு உணவுக்கும் வராது. முதற் சில நாள்கள் ஒரு சிறிய அறையே அதற்கு ஆறுதலாகும். அங்கே பக்கவாட்டில் சாய்த்த அட்டைப்பெட்டி, அதனுள் பழைய பருத்தித் துணி, ஒரு கிண்ணத்தில் நீர், உணவுக்குத் தொலைவாக விளிம்பு தாழ்ந்த தட்டில் மணல் ஆகியவை போதும். தையல் நூலும் ரப்பர் வளையமும் தரையில் கிடத்தலாகாது. விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே கேடாகும். அந்துருண்டை நஞ்சு. நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லவல்லது. சன்னலுக்கும் கிணற்றுக்கும் வலை வேண்டும்.

இத்துணையும் குட்டியின் பொருட்டு. ஆயினும் அதே கதவும் அதே வலையும் வெளியிலுள்ள அணிலையும் ஓணானையும் குருவிக் குஞ்சையும் காக்கின்றன என்பதை மறத்தலாகாது. நாள்தோறும் அதனோடு அமர்ந்து விளையாடி, அச்சம் நீங்க நீங்க இடத்தை விரிவாக்குபவர் செயல் கட்டுதல் ஆகாது. அடைத்துவிட்டு மறந்து போவோமாயின் அதுவே பிரமத்தம். அதிசாரம் அங்கேதான் நுழைகின்றது.

உணவே கடினமான பகுதி. நம் வீடுகளில் தயிர்ச்சோறு வைத்தால் போதும் என்று எண்ணுகின்றோம். பூனையின் உடலமைப்பு அதற்கு இடந்தரவில்லை. டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் கண்பார்வை கெடும் என 1975இலும், இதயம் தளரும் என 1987இலும் ஆய்வாளர் நிறுவினர். கேரட்டிலுள்ள சத்தை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றும் ஆற்றலும் அதற்கில்லை. பசும்பால் பல பூனைகளுக்குக் கழிச்சலையே தரும். எனவே தட்டு நிறையச் சோறு வைத்தும் உணவு தடுத்த குற்றத்திற்கு நாம் ஆளாகக் கூடும்!

வர்த்தமானரின் முற்பிறப்பில் சிங்கம் ஒன்று ஊனைத் துறந்த வரலாற்றை இங்குச் சிலர் எடுத்துக்காட்டுவர். அச்சிங்கம் முனிவர் உரை கேட்டுத் தானே உணர்ந்து துறந்தது. அதனைக் கூண்டிலடைத்து யாரும் சோறூட்டவில்லை. விரதம் ஏற்கப்படுவது, பிறர்மேல் சுமத்தப்படுவதன்று. டாரினை ஊன் கலவாமல் ஆலைகளில் செய்கின்றனர். அது சேர்ந்த தாவர உணவை அளித்து, கால்நடை மருத்துவரிடம் தவறாது காட்டி வளர்க்க வல்லோர் அம்முயற்சியை மேற்கொள்ளலாம். குட்டி நலிகின்றது என மருத்துவர் கூறினால் பிடிவாதம் கூடாது.

கருத்தடை அறுவை உறுப்பறுத்தல் ஆகாதோ என்றும் சிலர் ஐயுறுவர். வலியறியாதவாறு மயக்கமூட்டி, பிறந்து தெருவில் மடியும் குட்டிகளைத் தவிர்க்கச் செய்யும் சிகிச்சையை நாம் அவ்வாறு கொள்ளவில்லை.

இவை இயலாத இல்லத்தார், குட்டி எட்டு வாரம் வளரும்வரை காத்து, அன்புடையார் ஒருவரிடம் ஒப்படைப்பதே தக்கது. அவர் ஊன் உணவு அளிக்கக் கூடும். இதில் நமக்கு மாசே இல்லை என்று சொல்ல நாம் துணியவில்லை; தெருவில் விடுவதினும் மாசு குறைவு என்றே சொல்வோம். கொடுக்கும்போது அது படுத்துறங்கிய பழந்துணியையும் உடன் அனுப்புக. தன் மணமறிந்த துணி அருகிருந்தால் புதிய வீட்டில் அதன் அச்சம் விரைவில் தணியும்.