கேமரா பார்க்காத திசை

‘1984’ நாவலை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் பிறந்தது பீகாரின் மோதிஹாரியில். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் அரசை அவர் கற்பனை செய்வதற்கு வெகுகாலம் முன்பே அதன் ஒரு வடிவம் இங்கே நடப்பில் இருந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பழங்குடியினர் சட்டத்தை மக்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். குற்றமே செய்யாதவரும் பிறப்பின் பெயரால் ரேகை வைக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் கிராமம், 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிக் குண்டுகளுக்கு உயிர்களைப் பலி கொடுத்தது.

ரேகை இருந்த இடத்தில் இன்று முகம். தமிழ்நாடு காவல்துறை 2021 அக்டோபரில் முக அடையாள மென்பொருளைக் கொண்டுவந்தது. ரோந்துக் காவலர் செல்போனில் ஒருவரைப் படம் எடுத்தால், காவல்துறை சேமித்துள்ள படங்களோடு மென்பொருள் ஒப்பிட்டுச் சொல்லும்.

இதில் நன்மையே இல்லை என்பது நேர்மையாகாது. விடியுமுன் கூடையோடு வடசென்னைக் காசிமேட்டின் மீன் ஏலத்துக்கு நடக்கும் பெண்ணுக்குத் தெருமுனையில் விளக்கும் கேமராவும் இருப்பது தெம்புதான். சங்கிலி பறித்தவனின் பைக் நம்பர் கேமராவில் சிக்கினால் அவள் மகிழவே செய்வாள். ஆனால் ஷிப்டு முடிந்து திரும்பும் அவள் மகனை, “வண்டியை ஓரங்கட்டு, எந்த ஏரியா?” என்று நிறுத்தி, ராயபுரம் என்றதும் போனைத் தூக்கிப் படம் எடுத்தால், அவன் செய்த குற்றம் முகவரி மட்டுமே. அந்த நேரத்தில் மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் சொன்ன தீர்ப்பு அந்த ஓரத்துக்கு வந்து நிற்பதில்லை. சேர்த்து வைத்த படங்களாவது பத்திரமா என்றால், 2024 மே மாதம் அந்த முக அடையாள மென்பொருளின் தளத்துக்குள்ளேயே இணையத் திருடர்கள் புகுந்தார்கள்.

கேமரா பார்க்காத ஆலைகளின் பக்கம் திரும்பினால் கோபம்தான் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படகிலும் வலையிலும் அப்பியது. தங்கள் குழாயில் கசிவில்லை என்றது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் சிபிசிஎல். அதன் வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் நேரம், கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. எண்ணூர் பெரியகுப்பத்து மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒரு பைக் நம்பரைத் தெருத்தெருவாகத் தொடரும் அக்கறையில் பாதியாவது அந்தக் குழாய்மேல் இருந்திருக்க வேண்டும். கண்காணிப்பு யாரைக் காக்கிறது என்பதை அது யாரைக் கேள்வி கேட்கிறது என்பதை வைத்துத்தான் எடைபோட முடியும். வடசென்னையில் அது எளியவனைக் கேட்கிறது.

எனவே கேமராவைக் கழற்றச் சொல்வதைவிட அதற்குக் கணக்குக் கேட்பதே நியாயம். படம் எடுத்த காவலரின் பெயர், எடுத்த காரணம், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற விவரம் எழுதிய ஒரு சீட்டு அந்த இளைஞன் கைக்கு வர வேண்டும். அழிக்கச் சொல்லி மனுக் கொடுக்க, காவல் நிலையத்துக்கு வெளியே ஓர் அலுவலகம் வேண்டும். மணலி, எண்ணூர் ஆலைகளின் புகை அளவுகள் திருவொற்றியூர் பேருந்து நிறுத்தங்களில், போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கும்படி தமிழில் ஓட வேண்டும்.