நேரம் யாருக்கு உரியது?

“எட்டு மணி நேர வேலையை வீட்டிலிருந்தபடி ஐந்து மணி நேரத்தில் முடித்துவிட்டால், மீதி மூன்று மணி நேரம் எனக்குத்தானே சொந்தம், பாட்டி?” பெங்களூரில் கணினித் துறையில் பணிபுரியும் உறவுப் பெண் ஒருத்தி நம்மிடம் இவ்வாறு கேட்டாள். இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்றாகிய கள்ளாமையைத் தொடும் வினா இது.

வீட்டிலிருந்து பணியாற்றும் முறை 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பரவலாயிற்று. அதற்கு முன்பே, மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்த திருத்தம் இதற்கு இடமளித்திருந்தது. 26 வார விடுப்புக்குப் பின், பணியின் தன்மை இசைந்தால், தாயும் நிறுவனமும் உடன்பட்டு இம்முறையை ஏற்கலாம். பொழுது சாயுமுன் உண்ணும் நோன்புடைய நம்மவர்க்கும், காலையில் முன்னதாகத் தொடங்கி மாலையில் முன்னதாக முடிக்கும் வசதி பெருந்துணையாகும்.

ஆனால் மேற்பார்வை குறையுமிடத்தில் அறப்பொறுப்பு கூடுகிறது. இதனை நாம் பட்டறிந்தோம். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் விடைத்தாள்களை வீட்டிற்கு எடுத்துவந்து திருத்துவது வழக்கம். ஒருநாள் மாலை, இருட்டுமுன் உண்டு முடிக்க வேண்டும் என்னும் அவசரத்தில், கடைசிப் பத்துக் கட்டுரைகளைப் படிக்காமலே மதிப்பெண் இட்டோம். எவரும் அறியவில்லை. இரவுண்ணா நோன்பு காத்தோம் என்று அன்று நிறைவடைந்தோம். பிள்ளைகளுக்கு உரிய நேரத்தைத் திருடியன்றோ அந்நோன்பைக் காத்தோம் என்பது பின்னரே உறைத்தது. ஒரு விரதத்தை முறித்து மற்றொன்றைக் காத்தல் விரதமாகாது. தலைமையாசிரியரிடம் ஒருநாள் தவணை கேட்டிருந்தால் இரண்டும் நிலைத்திருக்கும்.

ஆகவே அப்பெண்ணிடம், “உன் ஊதியம் நேரத்திற்கா, முடித்த பணிக்கா?” என்று கேட்டோம். பணிக்கெனில் மீதி நேரம் அவளுடையது. நேரத்திற்கெனில் அதனை மறைத்துக் கொள்ளுதல் களவு. எட்டு மணி நேரம் உழைத்ததாகக் குறித்தல் பொய். ஐயம் இருப்பின் மேலாளரிடம் வெளிப்படையாகக் கேட்டுத் தெளிதலே வழி.

“சொன்னால் இன்னும் மூன்று மணி நேர வேலையைத் தலையில் கட்டுவார்களே!” என்றாள். அவள் அச்சம் பொய்யன்று. இங்கே வேலை வாங்குவோரின் அறம் வருகிறது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கொல்லாமை விரதத்திற்குரிய ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றுடன் அளவுமீறிச் சுமையேற்றுதலையும் உணவும் நீரும் தடுத்தலையும் சேர்த்தே எண்ணுகிறார். இரவு பத்து மணிக்கும் தொலைபேசியில் அழைத்து வேலை ஏவுதல் சுமையேற்றுதல் அன்றி வேறென்ன? எனினும் பிறர் குற்றம் நம் பொய்க்கு விடையாகாது. தன்னால் இயன்ற அளவைச் சொல்லி, மிகுதியை மறுக்கும் துணிவையும் அவள் பெறவேண்டும்.

நிறுவனங்களைக் குறைகூறுமுன் நம் அடுக்களையையும் நோக்குவோம். நம்மில் பலர் இல்லப் பணிப்பெண்ணுக்கு வேலை கொடுப்போரே. பேருந்து ஓட்டுநர்க்கும் செவிலியர்க்கும் வீட்டிலிருந்து பணி செய்தல் இயலாது, அவளுக்கும் இயலாது. ஆனால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் பிந்தி வருகிறேன் என்று அவள் கேட்டால், முகஞ்சுளிக்காமல், கூலி குறைக்காமல் இசையலாம் அன்றோ? நம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டும் சலுகையை அவளுக்கு மறுப்பின், நாம் பேசுவது அறமன்று, வசதியே.