தேவகிக்கும் ஒரு பாட்டு

எங்கள் மகனைப் பார்க்கிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள். "பகவான் கொடுத்த பிள்ளை" என்பது ஒன்று. "உங்களுக்குப் பெரிய புண்ணியம்" என்பது இன்னொன்று. நியூ ஜெர்சியில் கோயில் பிரகாரத்தில் சொல்கிறார்கள். ஊருக்குப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். மனசார வாழ்த்துகிறார்கள் என்று தெரியும். இருந்தும் இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நான் பகவானை நம்புகிறவள். நம்புவதால்தான் ஒப்பவில்லை.

எனக்குக் கொடுத்தவர் பகவான் என்றால், பெற்றவளிடமிருந்து அவனை எடுத்தது யார்? திருக்கருகாவூர் அம்மன் சந்நிதியில் பிள்ளை வேண்டி நெய்ப் பிரசாதம் வாங்கி வந்து சாப்பிட்டவள் நான். ஒடிசாவில் எங்கள் பையனைப் பெற்றவளும் ஜகந்நாதரிடம் ஏதோ வேண்டிக்கொண்டுதான் இருந்திருப்பாள். இரண்டு வேண்டுதலும் போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு என்றால், ஒருத்தியின் மடியைக் காலியாக்கி இன்னொருத்தியின் மடியை நிரப்பிக் கணக்குத் தீர்க்கிற தெய்வத்தை என்னால் கும்பிட முடியாது.

நாங்கள் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். எங்களைப் போன்றவர்கள் இந்தியாவில் தத்தெடுக்க வேண்டுமானால், 'காரா' என்று சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆணையம் அங்கீகரித்த வெளிநாட்டு முகமை வழியாகத்தான் போகவேண்டும். ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து சம்பளச் சீட்டிலிருந்து படுக்கையறைப் புகை எச்சரிக்கைக் கருவி வரைக்கும் பார்த்தார். எதற்காகப் பிள்ளை வேண்டும் என்று எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். கைரேகை, போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, குடியேற்றத் துறையின் அனுமதி எல்லாம் முடிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்த பிறகு, கணினித் திரையில் ஒரு பையனின் படமும் மருத்துவ அறிக்கையும் வந்தன. பதில் சொல்ல 96 மணி நேரம். பையனுக்கு நாலு வயது தாண்டியிருந்தது. ஒடிசாவில் ஒரு காப்பகத்தில் இருந்தான்.

நெவார்க்கிலிருந்து டெல்லி, அங்கிருந்து புவனேஸ்வர், பிறகு காரில் ஒரு சிறிய ஊர். தாய்நாட்டுக்குத்தானே போகிறோம் என்று கிளம்பினேன். போய் இறங்கிய ஊரில் ஒரு கடைப் பலகையைக்கூட என்னால் வாசிக்க முடியவில்லை. பையன் தன்னை வளர்த்த ஆயாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். அவரை 'மௌசி' என்று கூப்பிட்டான். மத்தியானம் அவர் ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றிய பழைய சோறும் சுட்ட கத்தரிக்காயும் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, ஊட்டச் சொல்லிச் சைகை காட்டினார். பகாளா என்று அவர்கள் சொல்லும் அந்தச் சோறு என் பாட்டி வீட்டுச் சோறுதான். மூன்றாவது வாய்க்கு அவன் வாயைத் திறந்தான். மௌசி எழுந்து வெளியே போனார். அவர் முகத்தை நான் பார்த்தேன். இந்தப் பையனைப் பிரிகிற இரண்டாவது பெண் அவர்.

கலெக்டரின் தத்து ஆணை, பாஸ்போர்ட், டெல்லியில் விசா என்று மற்றவை எல்லாம் ஒழுங்காக நடந்தன. என்னைத் தூங்கவிடாமல் செய்தது கோப்பில் இருந்த ஒரு காகிதம். ஒடியா பத்திரிகை ஒன்றில் வந்த விளம்பரத்தின் நகல், நாலு விரல் அகலம். மொட்டைத் தலையும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டுமாக ஒரு சின்ன முகம். காப்பகத்துச் சமூகப் பணியாளர் அதை எனக்கு இந்தியில் படித்துச் சொன்னார். வயது சுமார் இரண்டு, மாநிறம், நீலக் கால்சட்டை, ரயில் நிலையத்தில் தனியாக இருந்தான், பெற்றோரோ உறவினரோ இருந்தால் வந்து கேட்கலாம். யாரும் வரவில்லை. போலீஸ் விசாரித்தது, காணாமல் போன குழந்தைகளின் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் நலக் குழு அவனைத் தத்துக்கு உரியவன் என்று அறிவித்தது.

சட்டத்தில் குறை இல்லை. ஆனால் அவனைப் பெற்றவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா? அந்தப் பத்திரிகை அவள் கிராமத்துக்குப் போகுமா? பலாங்கீர், நுவாபாடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளை வேலைக்குத் தெலங்கானாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ரயிலேறுகிறார்கள். அந்த நெரிசலில் கை நழுவிய பிள்ளையோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. எந்த ரயில் நிலையம் என்பதை இங்கே எழுதமாட்டேன். அது அவன் கதை, அவனுக்குச் சொல்லவேண்டியது.

நான் பிறந்த ஊரில், துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தையான ஆண்டாளைத் தாயாராகக் கும்பிடுகிறோம். ஜனகர் ஏர் ஓட்டும்போது சீதை கிடைத்தாள். சின்ன வயசிலிருந்து கேட்ட இந்தக் கதைகளை, பையன் வந்த பிறகு வேறு விதமாகக் கேட்கிறேன். இரண்டிலும் தாய் பூமிதான். பூமியே தாய் என்று சொல்லிவிட்டால், பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுகிற பெண் ஒருத்தி கதையில் இருக்கவேண்டியதில்லை. வளர்க்கிறவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் சீதையின் கதை அங்கே முடியவில்லை. கடைசியில் பூமி பிளந்து மகளை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தாயும் மறக்கவில்லை.

மறைத்தால் என்ன ஆகும் என்பதைப் பாரதம் சொல்கிறது. குந்தி வாய் திறக்காததால் தம்பி அண்ணனைக் கொன்றான். போர் முடிந்து தர்ப்பணம் செய்கிற நேரத்தில்தான் கர்ணன் யார் என்று தருமருக்குத் தெரிந்தது. கர்ணனோ தன்னை வளர்த்த ராதையை விட்டுக்கொடுக்கவில்லை. பிறப்பின் உண்மை தெரிந்தால் வளர்த்தவள் மேல் பாசம் குறையும் என்று பயப்படுகிறவர்கள் அவனை நினைத்துக்கொள்ளலாம். என்னோடு வேலை பார்க்கும் காயல்பட்டினத்துத் தோழி ஒருவர், அநாதையை வளர்ப்பது பெரிய நன்மை, ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் பெயரால்தான் அழைக்கவேண்டும் என்று குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் சொல்வதை எடுத்துச் சொன்னார். முதலில் எனக்கு அது கடுமையாகப் பட்டது. இப்போது அதில் ஒரு நியாயம் தெரிகிறது: அன்பின் பெயரால்கூட ஒருவனின் வேரை அழிக்கக்கூடாது.

"பகவான் கொடுத்தது" என்ற நம்பிக்கை தனியாக நின்றால் என்ன செய்யும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட், பெர்தா ஹோல்ட் தம்பதி கொரியப் போரால் ஆதரவிழந்த எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். கிறிஸ்தவ விசுவாசத்தால் செய்த காரியம் அது. அவர்களைப் பார்த்துப் பலர் கிளம்பினார்கள். நாளடைவில் சுமார் 2 லட்சம் கொரியக் குழந்தைகள் வெளிநாடு போனார்கள். பெற்றோர் உயிரோடு இருந்த பிள்ளைகளைக்கூட அநாதை என்று பதிவு செய்து அனுப்பியது நடந்திருக்கிறது என்று 2025இல் அந்த நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையமே சொன்னது. இலங்கையிலிருந்து 1980களில் ஆயிரக்கணக்கான சிசுக்கள் ஐரோப்பாவுக்குப் போயின. பெற்றவள் என்று வேறொரு பெண்ணை நிறுத்திக் கையெழுத்து வாங்கியதும் அதில் உண்டு. இலங்கை உள்ளிட்ட நாடுகளில் நடந்த முறைகேடுகளை விசாரித்த அறிக்கை வந்ததும் 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. அந்தப் பிள்ளைகளை வாங்கிய பெற்றோரில் எத்தனையோ பேர் நல்லவர்கள், பக்தி உள்ளவர்கள். தெய்வமே அனுப்பியது என்று நினைத்த இடத்தில் யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட முறைகேடுகளுக்குப் பதிலாகத்தான் 1993இல் ஹேக் உடன்படிக்கை வந்தது. இந்தியா 2003இல் அதை ஏற்றது. அதற்கு முன்பே, லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தை மனுவாக எடுத்துக்கொண்டு 1984இல் உச்ச நீதிமன்றம் இதே திசையில் நெறி வகுத்திருந்தது. சாரம் எளிது. பிள்ளை முதலில் பெற்றவர்களோடு இருக்க வழி பார். முடியாவிட்டால் சொந்த நாட்டில் ஒரு வீடு பார். அதுவும் அமையாவிட்டால்தான் வெளிநாடு. நம் பழைய தத்தக சாஸ்திரங்கள் பிண்டம் போட ஒரு பிள்ளை வேண்டும் என்று தகப்பனிடமிருந்து தொடங்கின. இந்த விதி பிள்ளையிடமிருந்து தொடங்குகிறது. தர்மம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

புண்ணியப் பேச்சுக்கும் இதே பதில்தான். இந்தியாவில் ஒரு வருஷத்தில் தத்துப் போகிற குழந்தைகள் நாலாயிரம் சொச்சம். காத்திருக்கும் பெற்றோர் 30,000க்கும் மேல். கைக்குழந்தைக்காக வரிசையில் நிற்பது நாம்தான். வளர்ந்த பிள்ளைகளும் உடல்நலக் குறை உள்ள பிள்ளைகளும்தான் ஆள் வராமல் காத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களை ஏற்றவர்களும் புண்ணியக் கணக்கு எழுதக்கூடாது. அந்தக் கணக்கு பிள்ளையின் காதில் விழுந்தால், அவன் வாழ்நாள் முழுவதும் நன்றி செலுத்த வேண்டியவன் ஆகிவிடுகிறான். பெற்ற பிள்ளையிடம் யாரும் அந்த நன்றியைக் கேட்பதில்லை. பட்டவன் அவன்தான்: தாயை, பாஷையை, மௌசியை எல்லாம் நாலரை வயசுக்குள் இழந்தவன். கடன்பட்டவர்கள் நாங்கள்.

அப்படியானால் தெய்வம் எங்கே இருக்கிறது? எனக்குப் பதில் கிடைத்தது திவ்வியப் பிரபந்தத்தில். ஆண்டாளை எடுத்து வளர்த்த பெரியாழ்வார், யசோதையின் மனசாகவே நின்று கண்ணனைத் தாலாட்டினார், நீராட்டினார், பூச்சூட்டினார். வளர்த்தவளின் ஆனந்தம் முழுக்க அங்கே இருக்கிறது. குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியில் ஏழாவது பதிகத்தைத் தேவகிக்குக் கொடுத்தார். பெற்றும் தாலாட்டக் கிடைக்கவில்லையே, மழலை கேட்கவில்லையே, அவன் உண்பதைப் பார்க்கவில்லையே என்று அவள் புலம்புகிறாள். இந்த ஆழ்வார் தேவகியைப் பார்த்து, எல்லாம் லோக க்ஷேமத்துக்காக என்று சமாதானம் சொல்லவில்லை, அவளை அழவிட்டார். யசோதையின் பாட்டும் தேவகியின் புலம்பலும் ஒரே பெருமாள் முன்னால் சேவிக்கப்படுகின்றன. ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

அதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. என் மகனைத் தாயிடமிருந்து பிரித்தது பகவான் இல்லை. வறுமையோ, விபத்தோ, மனிதர்களின் கொடுமையோ அதைச் செய்தது. அதைத் தெய்வ சங்கல்பம் என்று சொன்னால், மனிதர்கள் சரிசெய்ய வேண்டிய குற்றத்தைத் தெய்வத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். பகவான் எனக்குக் கொடுத்தது அந்தப் பிரிவுக்குப் பிறகு வந்த கடமை. அவனை வளர்ப்பது அதில் பாதி. அவளை மறக்காமல் இருப்பது மீதிப் பாதி. எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது ஒடிசா அம்மாவுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறோம். பையனுக்கு அது தெரியும். அவனும் கைகூப்புகிறான்.

தத்தெடுக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக எடுங்கள், வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் யோசியுங்கள். சட்டம் காட்டும் வழியை விட்டுக் குறுக்கு வழி சொல்கிறவரை வாசலோடு அனுப்புங்கள். பிள்ளையின் கோப்பில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். என்றைக்காவது அவன் தேடிப் போகும்போது அதுதான் உதவும். அவன் பிறப்பை அவனுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிவிடுங்கள். அவன் எதிரில் யாராவது புண்ணியம் என்று ஆரம்பித்தால், அங்கேயே, அவன் காது கேட்க, இல்லை என்று சொல்லுங்கள்.